சாவா மூவாப் பேராடும் பறைச்சேரியும்: கால்நடைகளின் குடியுரிமை பற்றிச் சில குறிப்புகள்



வீட்டு விலங்குகளுக்குக் குடியுரிமையும் சட்ட உரிமையும் வேண்டுமா என்பதை நினைவுச் சொற்பொழிவின் பொருளாக எடுத்துக்கொண்டபோது நம்மிடையே இரண்டு விதமான எதிர்வினைகள் எழுந்தன. ஒன்று சிரிப்பு, மற்றொன்று கோபம். "சேரிக்குத் தண்ணீர்க் குழாய் வந்து சேரவில்லை, மாட்டுக்கு வாக்காளர் அட்டையா?" என்பதுதான் சிரித்தவர்களும் கோபித்தவர்களும் ஒன்றாகக் கேட்ட கேள்வி. அந்தக் கேள்வியை நாம் ஒதுக்கப் போவதில்லை. ஆனால் இது வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய புதுப் பேச்சு என்ற எண்ணத்தை மட்டும் ஏற்க முடியாது. மலைக்கோட்டை உச்சியில் நின்று வடக்கே பார்த்தால் காவிரிக்கு அப்பால் திருவரங்கம் தெரிகிறது, திருவானைக்கா தெரிகிறது. அந்த இரண்டு கோயில் ஊர்களிலும் விலங்குகள் பல நூற்றாண்டுகளாகக் குடிகளாக இருந்து வந்துள்ளன. பெயரும் பதவியும் படியும் அவற்றுக்கு உண்டு. அந்தக் குடியுரிமையின் வரலாற்றை நம் தெருவிலிருந்து வாசித்தால் என்ன தெரிகிறது என்பதே இந்த உரை.

முதலில் வாதத்தை அதன் வலுவான வடிவத்தில் வைத்துக்கொள்வோம். கனடாவைச் சேர்ந்த சூ டொனால்ட்சனும் வில் கிம்லிக்காவும் 2011இல் 'ஜூபோலிஸ்' என்ற நூலை எழுதினார்கள். காட்டு விலங்குகளைத் தனி நாட்டாராகக் கருத வேண்டும், அவர்கள் நிலத்தில் நமக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். எலி, புறா, அணில் போல நம் ஊர்களில் ஒண்டி வாழ்பவை குடியுரிமை இல்லாத வாசிகள். மாடு, ஆடு, கழுதை, நாய், கோழி ஆகியவையோ சக குடிகள். இவற்றைக் காட்டிலிருந்து பிரித்து நம்மோடு சேர்த்துக்கொண்டவர்கள் நாம்தான். திரும்பிப் போக அவற்றுக்கு வேறு இடம் இல்லை. தலைமுறை தலைமுறையாக உழைப்பையும் பாலையும் தோலையும் வாங்கிக்கொண்டு "நீ இந்த ஊரைச் சேர்ந்தவன் இல்லை" என்று சொல்ல முடியாது. இதுதான் அவர்கள் வாதம். இதைப் படிக்கும் தலித் வாசகர் ஒரு நொடி நின்றுவிடுவார். ஊருக்கு உழைத்து ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள் பேசிய பேச்சின் சாயல் இதில் இருக்கிறது. அந்தச் சாயலை நம்பலாமா என்பதை வரலாற்றைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

திருவரங்கத்தில் தினமும் விடியற்காலையில் விசுவரூப சேவை நடக்கிறது. அரங்கனின் பார்வை முதலில் படுவதற்காகப் பசுவும் யானையும் அழைத்து வரப்படுகின்றன. ஐப்பசியில் காவிரியிலிருந்து திருமஞ்சன நீர் பொற்குடத்தில் யானை மேல் வருகிறது. அந்த யானைக்கு ஆண்டாள் என்று பெயர். மலைக்கோட்டை தாயுமானவர் கோயில் யானைக்கு லட்சுமி என்று பெயர், திருவானைக்கா யானைக்கு அகிலா. திருவானைக்காவின் உச்சிக்காலப் பூசையில் அர்ச்சகர் புடவை உடுத்தி அகிலாண்டேசுவரியாக வந்து பசுவுக்குப் பூசை செய்கிறார். பெயர், பணி, வேளைக்கு உணவு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் இவற்றுக்கு உண்டு. 2003இல் தமிழக அரசு கோயில் யானைகளுக்குத் தொடங்கிய புத்துணர்வு முகாம் பின்னர் 48 நாள் நடத்தப்பட்டது. 48 நாள் ஊதிய விடுப்பு பெறும் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி ஒருவரை நாம் இன்னும் சந்திக்கவில்லை.

தலபுராணம் இன்னும் தாராளமானது. திருவானைக்காவில் ஒரு யானையும் ஒரு சிலந்தியும் நாவல் மரத்தடி லிங்கத்தைத் தத்தம் வழியில் வழிபட்டன. யானை நீர் கொண்டுவந்து ஊற்றியது, சிலந்தி மேலே வலை பின்னிச் சருகு விழாமல் காத்தது. இரண்டுக்கும் சண்டை வந்து இரண்டும் இறந்தன. யானை ஊருக்குப் பெயரானது. சிலந்தி மறுபிறவியில் கோச்செங்கட்சோழனாகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக் கோயில்களைக் கட்டியது. பக்தி செய்த பூச்சிக்கு அரச பதவி கிடைத்த ஊர் இது. இதே ஊர்க் கோயில்களுக்குள் தீண்டப்படாதவர் எனப்பட்டோர் நுழையச் சட்டத்தின் துணை தேவைப்பட்டது. 1939இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது, 1947இல் முழுமையான நுழைவுச் சட்டம் வந்தது. ஆக, ஏழு மதில்களையும் தாண்டி உள்ளே போக விலங்காக இருப்பது ஒரு தடையாக இருந்ததில்லை.

நம் பக்கத்துக் கதைகள் இரண்டையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். திருப்பாணாழ்வார் உறையூர்க்காரர், பாணர். காவிரிக் கரையில் நின்று பாடியவர் மேல் லோகசாரங்கர் கல் எறிந்தார் என்றும், பிறகு அரங்கன் ஆணைப்படி அவரைத் தம் தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோனார் என்றும் வைணவ மரபு சொல்கிறது. பாணரின் கால் திருவரங்கத்து மண்ணில் படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வாகனமாக இருப்பது வழக்கமாக விலங்கின் வேலை. பாணரை உள்ளே விடுவதைவிட முனிவரை வாகனமாக்குவது அந்தக் கதைக்கு எளிதாக இருந்திருக்கிறது. அடுத்தவர் திருநாளைப்போவார் என்ற நந்தனார். கோயில் முரசுக்கும் பேரிகைக்கும் போர்வைத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தவர் என்று சேக்கிழார் சொல்கிறார். மாட்டின் தோல் உள்ளே போயிற்று, நரம்பு போயிற்று, அதன் உடம்பிலிருந்து எடுத்த கோரோசனை கருவறை வரைக்கும் போயிற்று. உரித்து எடுத்துக் கொடுத்தவர் வெளியே நின்றார். திருப்புன்கூரில் அவர் பார்ப்பதற்காக நந்திதான் விலகியது. கல்லாலான எருதுக்கு உள்ளே உட்கார இடமும், விலகிக்கொள்ளும் தயவும் இருந்தன.

புராணத்தை விட்டுக் கல்வெட்டுக்கு வருவோம். அங்கே விலங்கின் சட்ட நிலை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. சோழர் காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைப்பவர்கள் ஆடு கொடுத்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கணக்கில் ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள். அவற்றை இடையர்கள் பொறுப்பேற்று, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டுகள் வைத்த பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு சாகும், மூக்கும் என்பது எழுதியவர்களுக்குத் தெரியாதா? தெரியும். செத்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருப்பது இடையரின் கடமை. சட்டத்தின் கண்ணில் மந்தை என்றும் தொண்ணூற்றாறுதான். இன்றைய சட்ட மாணவர்கள் நிறுவனத்துக்கும் தெய்வத்துக்கும் உள்ள சட்ட நபர் நிலையைப் படிக்கிறார்கள். சாகாத, முதுமையடையாத ஆட்டைத் தமிழ்க் கல்வெட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்டது. அந்தச் சாகாமைக்கு விலை கொடுத்தவர் இடையர். நோயில் ஆடு செத்தாலும் அவர் நெய் அளந்தாக வேண்டும்.

அதே தஞ்சைக் கணக்கில் இன்னொரு விவரம் உண்டு. ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு, அல்லது நாற்பத்தெட்டுப் பசு, அல்லது பதினாறு எருமை. ஓர் எருமைக்கு மூன்று பசு ஈடு. இராசராசனின் கணக்கர்கள் பாலையும் நெய்யையும் பார்த்து மதிப்புப் போட்டார்கள். பசுவுக்கு இருக்கும் புனிதம் அந்த இடத்தில் கணக்குக்கு உதவவில்லை. இன்று பசுவுக்காகக் கொந்தளிப்பவர்கள் எருமைக்காக வாய் திறப்பதில்லை என்று காஞ்சா அய்லய்யா நெடுநாளாக எழுதி வருகிறார். 'எருமை தேசியம்' என்று அவர் நூலுக்குப் பெயரே வைத்தார். அந்த வாதத்துக்கு ஆதரவாகத் தஞ்சைச் சுவரே பேசும் என்பது நமக்கு மகிழ்ச்சி.

அந்தக் கல்வெட்டுகளில் வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலும் வருகிறது. ஊர்நத்தம், கோயில், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு, கன்றுமேய்பாழ் என்று. பறைச்சேரியும் கன்று மேயும் பாழும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. இரண்டும் விளையாத நிலம், ஆகவே வரி இல்லை. ஆட்டுக்கு எண்ணிக்கை உண்டு, சேரிக்கு எல்லை மட்டும் உண்டு.

மனிதர் கால்நடையாகச் சட்டத்திலேயே இருந்த காலமும் உண்டு. 1819இல் சென்னை வருவாய் வாரியம் அடிமைமுறை குறித்து மாவட்ட ஆட்சியர்களிடம் அறிக்கை கேட்டது. நெல் விளையும் காவிரிப் படுகையில் பள்ளரும் பறையரும் நிலத்தோடு கைமாறுவது பற்றி அந்த அறிக்கைகள் பேசின. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் வந்த பிறகுதான், ஓர் ஆளை உடைமை என்று சொல்லி நீதிமன்றத்தில் உரிமை கொண்டாட முடியாமல் போனது. அடிமை வைத்திருப்பதே குற்றமாக இந்தியத் தண்டனைச் சட்டம் 1862இல் நடைமுறைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே தண்டனைச் சட்டத்தில் மாட்டையோ யானையையோ கொல்வது 'சொத்துக்குச் சேதம்' என்ற அத்தியாயத்தில் வந்தது. பாதிக்கப்பட்டவர் மாடு இல்லை, மாட்டுக்காரர். பிற விலங்குகளுக்குப் பத்து ரூபாய், ஐம்பது ரூபாய் என்று மதிப்பு வரம்பும் வைத்தார்கள். பண்ணையாள் உடைமை நிலையிலிருந்து காகிதத்தில் வெளியே வந்தார், எருது உள்ளேயே நின்றது. பண்ணையில் இரண்டு பேரும் அதற்குப் பிறகும் ஒரே கொட்டிலுக்குப் பக்கத்தில்தான் படுத்தார்கள்.

1871ஆம் ஆண்டைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டின் முதல் சட்டம் கால்நடை அத்துமீறல் சட்டம். மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைக்கலாம், தலைக்கு இவ்வளவு என்று அபராதம் வாங்கலாம், யாரும் மீட்காவிட்டால் ஏலம் விடலாம். அதே ஆண்டு அக்டோபரில் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. பதிவு, ஆள் எண்ணிக்கை எடுத்தல், எல்லை தாண்டத் தடை. 1911இல் இது சென்னை மாகாணத்துக்கு விரிவுபடுத்தப்பட்டு, குறவர் உள்ளிட்ட பல சமூகங்கள் கைரேகை வைத்து நின்றன. அலைகிற மாட்டுக்கும் அலைகிற மனிதருக்கும் ஒரே ஆண்டில் தொழுவம் கட்டிய அரசு அது. நிலமில்லாதவரின் ஒற்றை மாடு புறம்போக்கில் மேய்ந்து பவுண்டுக்குப் போவதும், மீட்கக் காசில்லாமல் ஏலம் போவதும் அந்தச் சட்டத்தின் அன்றாடம். இன்று கால்நடைத் துறை ஒவ்வொரு மாட்டின் காதிலும் 12 இலக்க எண் கொண்ட மஞ்சள் வில்லையை மாட்டுகிறது. நம் ஆதாருக்கும் 12 இலக்கம். எண்ணப்படுவதும் உரிமை பெறுவதும் ஒன்றல்ல என்பதை இந்த இரண்டு எண்களையும் வைத்திருக்கிற வீடுகள் அறியும்.

அரசியலமைப்புச் சட்டம் எழுதப்பட்டபோது இந்தக் கேள்வி நேருக்கு நேர் வந்தது. அதற்கு முன் மகாடை நினைவுபடுத்திக்கொள்வோம். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான தோழர்களும் சவுதார் குளத்தில் நீர் அருந்தினார்கள். மாடும் நாயும் குடித்துக்கொண்டிருந்த குளம் அது. மனிதர் குடித்ததால் பட்ட தீட்டைச் சாதி இந்துக்கள் 108 குடங்களில் சாணம், கோமியம், பால், தயிர் கலந்து ஊற்றிக் கழித்தார்கள். பசுவின் கழிவு மனிதரின் கையைவிடத் தூய்மையானது என்ற தீர்ப்பு அன்று குளத்தின் நடுவே எழுதப்பட்டது.

இருபத்தோரு ஆண்டுகள் கழித்து, 1948 நவம்பர் 24 அன்று அரசியல் நிர்ணய சபையில் பசுவதைத் தடை விவாதத்துக்கு வந்தது. தீண்டாமையைக் குற்றமாக்குவது போலவே பசுவதையையும் குற்றமாக்கி அடிப்படை உரிமைகளில் வைக்க வேண்டும் என்று தாம் முன்பே கேட்டதாகச் சேட் கோவிந்த் தாஸ் சொன்னார். அடிப்படை உரிமை மனிதருக்கு மட்டுமே, விலங்குக்கு அதில் இடமில்லை என்று தமக்குப் பதில் சொல்லப்பட்டதையும் அவரே குறிப்பிட்டார். தாக்கூர் தாஸ் பார்கவா கொண்டுவந்த திருத்தம் வழிகாட்டு நெறியாக ஏற்கப்பட்டது. அறிவியல் முறையில் வேளாண்மை, கால்நடை வளர்ப்பு என்ற போர்வைக்குள் பசு நுழைந்தது. மத நம்பிக்கைதான் காரணம் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள் என்று உறுப்பினர் லாரி கேட்டுக்கொண்டார். ஐந்து நாள் கழித்து, நவம்பர் 29 அன்று, தீண்டாமை ஒழிப்புப் பிரிவு நிறைவேறியது. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற நம் உறுப்பினர் வி.ஐ. முனுசாமிப் பிள்ளையும் அன்று பேசினார்.

இந்த ஐந்து நாள் இடைவெளி தற்செயலாக இருக்கலாம். ஒப்பீடு தற்செயல் இல்லை. விலங்குக்குச் சட்ட உரிமை என்ற கோரிக்கை இந்தியாவில் முதன்முதலாக அரசியல் சட்ட மேடைக்கு வந்தபோது அது விலங்கின் வலியைப் பற்றியதாக இல்லை, ஒரே ஒரு விலங்கின் பிறப்பைப் பற்றியதாக இருந்தது. எருமைக்கும் பன்றிக்கும் கழுதைக்கும் அந்த மேடையில் கோவிந்த் தாஸ்கள் கிடைக்கவில்லை. சண்டாளர் நாயையும் கழுதையையும் மட்டுமே செல்வமாக வைத்துக்கொள்ளலாம் என்றது மனு. அந்தப் பட்டியல் விலங்குகளுக்கும் வருணம் பிரித்த பட்டியல். மதுரை மாவட்டத்தின் சில ஊர்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற தடை இருந்ததைத் தீண்டாமை பற்றிய களஆய்வுகள் பதிவு செய்துள்ளன. சேரி நாய் ஊர் நாயோடு சேர்ந்துவிடுமாம். நாயின் பிறப்பிலும் சாதியைக் காக்கிற சமூகத்தில் பசுவுக்கு வழங்கப்படுவதைக் குடியுரிமை என்று நாம் அழைக்க மாட்டோம். அதற்குச் சாதி என்றே பெயர்.

அடுத்து நீதிமன்றங்கள். இந்திய விலங்கு நல வாரியம் தொடுத்த நாகராஜா வழக்கில் 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. வாழ்வுரிமை தரும் 21ஆம் பிரிவின் நிழலை விலங்குகள் வரை நீட்டியது. விலங்கின் உரிமையை அரசியல் சட்ட உரிமையாக உயர்த்த நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டது. 2018 ஜூலையில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் ஒரே வீச்சில் விலங்குலகம் முழுவதையும் சட்ட நபர் என்று அறிவித்தது. நேபாள எல்லையைக் கடந்து வரும் குதிரை வண்டிகள் பற்றிய வழக்கு அது. குதிரைக்கு உரிமைகளோடு கடமைகளும் பொறுப்புகளும் உண்டு என்றும் தீர்ப்பு சொன்னது. குதிரை அந்தக் கடமையை எந்த மன்றத்தில் நிறைவேற்றும் என்று சொல்லவில்லை. 2017 சனவரியில் மெரினா நிறைந்தது, தமிழகச் சட்டம் திருத்தப்பட்டது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டு, விலங்குக்கு அடிப்படை உரிமை இருப்பதாகச் சொல்ல முன்னுதாரணம் இல்லை என்று கதவைச் சாத்தினார்கள். அமெரிக்காவில் 'ஹேப்பி' என்ற ஆசிய யானையை உயிரியல் பூங்காவிலிருந்து விடுவிக்க ஆட்கொணர்வு மனுப் போட்டபோதும் இதே முடிவுதான். 2022 சூனில் நியூயார்க்கின் உச்ச மன்றம் ஐந்துக்கு இரண்டு என்று மறுத்தது.

ஜல்லிக்கட்டு விவாதத்தில் இரண்டு பக்கமும் காளையைப் பற்றியே பேசியது. வாடிவாசலில் யாருடைய காளை இறங்கலாம், யார் அணையலாம் என்ற கேள்வி ஓரமாகவே நின்றது. பல ஊர்களில் தலித் இளைஞர் மாடு பிடிப்பதும், தலித் வீட்டுக் காளைக்கு மரியாதை கிடைப்பதும் இன்றும் தகராறுதான். நம் மாவட்டத்தில் பெரிய சூரியூர் உட்பட ஜல்லிக்கட்டு நடக்கும் ஊர் ஒவ்வொன்றிலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டியது மாணவர்களின் வேலை. பண்பாட்டு உரிமை என்று சொல்லி வென்ற சட்டம் அந்தப் பண்பாட்டுக்குள் யார் உண்டு என்று ஒரு வரியும் எழுதவில்லை.

மணப்பாறைச் சந்தைக்கு வருவோம். திருச்சி மாவட்டத்தில் உழவு மாடு என்றால் மணப்பாறை. 2017 மே 23 அன்று ஒன்றிய அரசு சந்தை விதிகளை வெளியிட்டது. சந்தையில் வாங்கும் மாட்டை அறுப்புக்கு விற்கமாட்டேன் என்று வாங்குபவர் உறுதி கொடுக்க வேண்டும். வதைத் தடுப்புச் சட்டத்தின் பெயரால் வந்த விதிகள் இவை. ஒரு வாரத்துக்குள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது, பிறகு உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. வதையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் செய்ய வேண்டியது வேறு. லாரியில் எத்தனை மாடு ஏற்றலாம், எத்தனை மணிக்கு ஒரு முறை தண்ணீர் காட்ட வேண்டும், அறுப்புக் கூடத்தில் மயக்கம் கொடுக்க வேண்டுமா என்பவை கேள்விகள். இவற்றில் நமக்கு மறுப்பு எதுவும் இல்லை. 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு உச்ச அபராதம் ஐம்பது ரூபாய். மாட்டின் வலி பற்றிய அக்கறை ஐம்பது ரூபாயில் நின்றுவிட, மாட்டின் புனிதம் பற்றிய அக்கறை பல மாநிலங்களில் ஆண்டுக்கணக்கான சிறையாக வளர்ந்தது. எது வளர்ந்தது, எது வளரவில்லை என்பதைப் பார்த்தால் போதும்.

அந்தப் புனிதத்தின் சுமை யார் முதுகில் விழுகிறது என்பது நமக்குத் தெரிந்த கதை. 2002 அக்டோபரில் அரியானாவின் ஜஜ்ஜரில் செத்த மாட்டின் தோலுக்காக ஐந்து தலித்துகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். 2016 சூலையில் குசராத்தின் உனாவில் செத்த மாட்டை உரித்தவர்களை வண்டியில் கட்டி அடித்தார்கள். மாடு செத்தால் வந்து எடு என்று ஆளனுப்புவதும், எடுத்தால் அடிப்பதும் ஒரே ஊர்தான். உனாவுக்குப் பிறகு தோழர்கள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் அரசு அலுவலக வாசலில் போட்டார்கள். உங்கள் தாயை நீங்களே அடக்கம் செய்யுங்கள் என்பதுதான் அதன் பொருள். அந்தப் போராட்டத்தைவிடத் தெளிவான வாதம் இந்தப் பொருளில் இதுவரை எழுதப்படவில்லை என்பது நம் கருத்து. நம் மாவட்டத்திலும் இதற்கு நெருக்கமான ஒன்று உண்டு. 2002 மே மாதம் லால்குடி வட்டம் திண்ணியத்தில் இரண்டு தலித்துகளுக்குக் காய்ச்சிய கம்பியால் சூடு போட்டு, மலத்தை ஒருவர் வாயில் ஒருவர் திணிக்க வைத்தார்கள். சூடு போடுவது மாட்டுக்கு அடையாளம் வைக்கும் முறை. செய்தவர்கள் அதை அறிந்தே செய்தார்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, "ஆகவே விலங்குக்கு உரிமை வேண்டாம், முதலில் நமக்கு" என்று முடித்துவிடுவது எளிது. நாம் அப்படி முடிக்கவில்லை. முதலில் இவர், பிறகு அவர் என்ற வரிசையில் நிறுத்தும் பேச்சை நாம் நூறாண்டாகக் கேட்டு வருகிறோம். முதலில் விடுதலை, பிறகு சாதி என்றார்கள். முதலில் வர்க்கம், பிறகு சாதி என்றார்கள். அதே வரிசையை நமக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு நாமே போட்டுக் கொடுக்க வேண்டியதில்லை. மறுக்க வேண்டியது வேறு ஒன்றை.

குடியுரிமை என்றால் பிரதிநிதித்துவம். விலங்கு பேசாது, ஆகவே அதற்காக யாரோ பேச வேண்டும் என்கிறார்கள் டொனால்ட்சனும் கிம்லிக்காவும். அதனோடு பழகுபவர் அதன் விருப்பத்தைப் படித்துச் சொல்ல முடியும் என்பது அவர்கள் நம்பிக்கை. இந்த இடத்தில்தான் நம் அனுபவம் வேண்டும். வாயில்லாதவர்களுக்காகப் பேசுகிறேன் என்று சொன்னவர்களால் நாம் 1932இல் தனித்தொகுதியை இழந்தோம். பூனா ஒப்பந்தத்தில் இடங்களின் எண்ணிக்கை கூடியது, அந்த இடத்தில் யார் அமர்வது என்று முடிவு செய்யும் கை மாறியது. பசுவுக்காகப் பேசும் காவலர் குழு யாருடையதாக இருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. மாட்டைக் குளிப்பாட்டுபவர், கன்று ஈனும்போது கைவிட்டு இழுப்பவர், பன்றி மேய்ப்பவர், கழுதையில் மண் சுமப்பவர், யானைக்குத் தழை வெட்டுபவர், செத்ததை எடுத்துப் போடுபவர் ஆகியோர் அமராத எந்த விலங்கு நல வாரியமும் விலங்கின் பிரதிநிதி ஆகாது. இது நம் முதல் நிபந்தனை.

இரண்டாவது, அடிப்படை வலியாக இருக்க வேண்டும், புனிதமாக இருக்கக் கூடாது. இதற்கு நமக்கு வேறொரு மரபு உண்டு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை, தம் நாட்டிலும் எல்லைக்கு அப்பால் சோழர், பாண்டியர் நாடுகளிலும் மனிதருக்கு மருத்துவம், விலங்குக்கு மருத்துவம் என்று இரண்டும் செய்யப்பட்டதாகச் சொல்கிறது. மூலிகை இல்லாத இடத்தில் கொண்டுவந்து நட்டார்களாம். சோழர் தலைநகராகச் சங்க நூல்கள் சொல்லும் உறையூர் இதோ மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மனிதரும் விலங்கும் ஒரே வாக்கியத்தில், ஒருவருக்கு எதிராக ஒருவர் நிறுத்தப்படாமல் இருந்த ஆவணம் அது. இந்தப் பசு, இந்தச் சாதி என்ற பேச்சே இல்லை. முதலாம் கட்டளையில் தம் சமையலறையில் இன்னும் இரண்டு மயிலும் ஒரு மானும் கொல்லப்படுவதை அவரே ஒப்புக்கொள்கிறார், அந்த மானும் எப்போதும் இல்லையாம். தூய்மை வேடம் போடாத பேச்சு. அம்பேத்கர் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அகிம்சையை விளக்கும்போதும் கொல்லும் தேவையையும் கொல்லும் வெறியையும் பிரித்தார். அகிம்சையை விதியாக அல்ல, நெறியாக வைத்தார். மாட்டுக்கறி உண்பவரும் மாட்டின் வலிக்காகப் பேச முடியும் என்பதற்கு இடம் தருவது இந்தப் பிரிவுதான்.

இந்த இரண்டு நிபந்தனைகளோடு பார்த்தால் நம் ஊரில் செய்ய வேண்டியவை கண்ணுக்குத் தெரிகின்றன. யானையை எடுத்துக்கொள்வோம். அது கண்டிப்பாகச் சொன்னால் வீட்டு விலங்கே இல்லை, காட்டிலிருந்து பிடித்துவரப்பட்ட கைதி. மந்தையாக வாழும் உயிரைக் கல்தரையில் தனியாகச் சங்கிலியில் நிறுத்திவிட்டு ஆண்டாள் என்று பெயர் வைத்தால் அது உரிமை ஆகிவிடாது. 2023 பிப்ரவரியில் லலிதா என்ற யானையின் வழக்கில் மதுரைக் கிளை, கோயிலோ தனியாரோ இனிப் புதிதாக யானை வாங்கக் கூடாது என்று சொன்னது. அதை நாம் ஆதரிக்கிறோம். தனியாரிடமிருந்து எடுத்த யானைகளுக்கு நம் மாவட்டத்தின் எம்.ஆர். பாளையத்திலேயே வனத்துறை மையம் இருக்கிறது. மூன்று கோயில் யானைகளும் அங்கே போகட்டும், பாகன்கள் அரசு ஊழியராக உடன் போகட்டும். தரிசனம் குறையுமே என்பவர்களுக்கு, முதல் தரிசனத்தைப் பெற யானைக்குப் பதில் வேறு யாரை நிறுத்தலாம் என்று நம்மால் பெயர் சொல்ல முடியும்.

மாட்டுக்கு ஐம்பது ரூபாய்ச் சட்டம் திருத்தப்பட வேண்டும், மணப்பாறைச் சந்தையில் மருத்துவரும் தண்ணீர்த் தொட்டியும் நிழலும் வேண்டும். அறுப்பு மாட்டை ஓட்டிச் செல்பவருக்கு உயிர்ப் பாதுகாப்பு வேண்டும். வேலை செய்து ஓய்ந்த எருதுக்குத் தீவனச் செலவை அதைப் புனிதம் என்பவர் வீட்டிலிருந்து வசூலிக்கலாம் என்பது கூட்டத்தில் வந்த யோசனை. பாதி கேலிதான், ஆனால் மறு பாதியை யோசிக்கலாம்.

ஒன்று மட்டும் நம்மிடையே முடியாமல் நிற்கிறது. பறை. கன்றுத் தோலும் மாட்டுத் தோலும் இல்லாமல் பறை இல்லை. இழிவென்று அதைக் கீழே போட்டவர்களும் நம் முன்னோர்தான், கலை என்று மறுபடி தோளில் மாட்டியவர்களும் நம்மவர்தான். சக குடியாக ஏற்றுக்கொண்ட ஒன்றின் தோலை இறுக்கிக் கட்டி அடிக்கலாமா என்று மாணவத் தோழர் ஒருவர் கேட்டார். தானாகச் செத்ததன் தோல் என்றால் சரி என்றார்கள் சிலர். அப்படியானால் செத்த மாட்டைத் தூக்கும் வேலைக்கு நாமே திரும்பிப் போக வேண்டுமா என்று மற்றவர்கள் கேட்டார்கள். செயற்கைத் தோல் பூட்டிய பறைகள் சந்தையில் கிடைக்கின்றன, அதன் ஒலி வேறு என்கிறார்கள் அடிப்பவர்கள். அடுத்த அமர்வில் பறை கட்டுபவர்களையே பேச அழைத்திருக்கிறோம்.